‘கிளைமேட்’ என்னும் சொல் நடந்து வந்த வழி

வடநாட்டில் குடியேறிய தமிழ் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கணக்கெடுத்தால், ‘கிளைமேட்’ என்பது முன்வரிசையில் நிற்கும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு இருமல் கண்டால், ‘இந்தக் கிளைமேட் ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறோம். தை மாதக் குளிரில் இட்லி மாவு புளிக்காவிட்டால் அதற்கும் கிளைமேட்டே காரணம். மாற்றல் உத்தரவை ரத்துச் செய்யுமாறு கோரும் விண்ணப்பங்களிலும் அதுவே முதற்காரணமாக எழுதப்பெறும். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் இதனை நன்கு அறிவோம். இத்துணைப் பாரத்தைச் சுமக்கும் இச்சொல் எங்கே பிறந்தது, அதன் பொருள் யாது என்று சற்று ஆராய்வோம்.

இது கிரேக்கச் சொல். ‘கிளீமா’ என்றால் கிரேக்க மொழியில் சாய்வு அல்லது சரிவு என்று பொருள். சாய்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. அந்த வினைக்கு உறவினர் வேறு சிலரும் உண்டு. நோயாளி சாய்ந்து படுக்கும் கட்டிலைக் குறித்த சொல்லிலிருந்து ‘கிளினிக்’ வந்தது. சுவரில் சாய்த்து வைக்கும் ஏணியைக் குறித்த சொல்லிலிருந்து, திரைப்படக் கதைகளைப் பற்றிப் பேசும்போது நாம் தவறாது சொல்லும் ‘கிளைமாக்ஸ்’ வந்தது. கட்டிலும் ஏணியும் சீதோஷ்ணமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது வியப்பன்றோ!

சாய்வுக்கும் சீதோஷ்ணத்துக்கும் என்ன உறவு? கதிரவன் ஓர் ஊரில் எவ்வளவு சாய்வாக ஒளி வீசுகிறானோ, அதற்கேற்ப அவ்வூரின் வெப்பமும் பகற்பொழுதின் நீளமும் அமைகின்றன என்பதனைக் கிரேக்கர் கண்டனர். ஆண்டின் மிக நீண்ட பகல் எத்தனை மணி நேரம் என்பதைக் கொண்டு அவர்கள் உலகத்தைக் கிழக்கு மேற்காகப் பட்டைகளாக வகுத்தனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்னும் வானநூலறிஞர் இக்கணக்கை விரிவாக எழுதி வைத்தார். நைல் நதிக்கரையில் இருந்த மெரோவே நகரில் நெடும்பகல் 13 மணி. அலெக்சாந்திரியாவில் 14 மணி. கருங்கடலின் வடகரையில் 16 மணி. அரை மணிக்கு ஒன்றாக ஏழு பட்டைகள் வழக்குக்கு வந்தன. எனவே, பிறந்த காலத்தில் ‘கிளைமேட்’ என்ற சொல் மழையையோ குளிரையோ குறிக்கவில்லை. நிலவுலகின் ஒரு பட்டையையே குறித்தது. லத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தபோதும் முதலில் இப்பொருளே இருந்தது. ஒரு பட்டைக்குரிய வெப்பமும் மழையும் என்ற இன்றைய பொருள் பின்னரே வந்து ஒட்டிக்கொண்டது.

இச்சொல் மேற்கே மட்டும் செல்லவில்லை. கிழக்கேயும் பயணம் செய்தது. அரபியர் அதனை ‘இக்லீம்’ என்று வாங்கிக்கொண்டனர். 1154-இல் சிசிலித் தீவின் அரசர் ரோஜருக்காக அல் இத்ரீசி ஆக்கிய உலகப் படம் ஏழு இக்லீம்களாகவும், ஒவ்வோர் இக்லீமும் பத்துப் பகுதிகளாகவும் பிரிக்கப்பெற்றிருந்தது. பாரசீகத்தில் ‘ஹஃப்த் இக்லீம்’, அதாவது ஏழு இக்லீம், என்றாலே உலகம் முழுவதும் என்று பொருளாயிற்று. அக்பர் அவையின் அபுல் ஃபசல் எழுதிய ‘அயினி அக்பரி’யிலும் இந்த ஏழு பிரிவுக் கணக்கைக் காணலாம். ஆங்கிலேயர் தம் ‘கிளைமேட்’டைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதன் உடன்பிறந்த சொல் டில்லி, ஆக்ரா வீதிகளில் உலவிக்கொண்டிருந்தது.

ஆனால் இப்பகுதி மக்கள் நாள்தோறும் வழங்குவது வேறு சொல். பாரசீகத்தில் ‘ஆபோஹவா’, நீரும் காற்றும் என்பது அதன் பொருள். இந்தியில் ‘ஜல்வாயு’, அதுவும் நீரும் காற்றுமே. நம் ஊர்ப் பெரியவர்கள், ‘புது ஊர், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்களே, அந்த எண்ணமும் இதுவே. கிரேக்கன் வானத்தை நோக்கிப் பெயரிட்டான். நாம் குடிக்கும் நீரையும் இழுக்கும் மூச்சையும் கொண்டு பெயரிட்டோம். ‘மௌசம்’ என்பதோ, குறித்த காலம் என்னும் பொருளுடைய அரபுச் சொல். அதுவே போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று.

இனி, நம்மைச் சுடும் ஒரு செய்திக்கு வருவோம். ‘நீங்கள் மதராஸிகள், வெப்ப நாட்டார்’ என்று நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்க நேர்கிறது. உண்மை என்ன? டிசம்பர் 21-ஆம் தேதி நண்பகலில் டில்லியில் கதிரவன் அடிவானத்திலிருந்து சுமார் 38 பாகை உயரத்திலேயே நிற்கிறான். சென்னையில் 53 பாகைக்கு ஏறுகிறான். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் நண்பகல் நிழல் டில்லியில் ஏழு அடி, சென்னையில் நான்கு அடி. வடநாட்டுக் குளிரின் இரகசியம் இந்நிழலிலேயே இருக்கிறது. ஆனால் ஜூன் 21-ஆம் தேதி கணக்குத் தலைகீழாகிறது. அன்று டில்லியில் கதிரவன் சுமார் 85 பாகை உயரம் ஏறுகிறான். சென்னையிலோ 80 பாகைதான். பகலும் டில்லியில் ஏறத்தாழ 14 மணி நேரம். சென்னையில் 13 மணிக்குச் சற்றே குறைவு. கடற்காற்றும் இங்கே இல்லை. ஆகவேதான் மே மாதப் பகல் வெப்பம் டில்லியில் சராசரியாக 40 பாகை செல்சியஸை ஒட்டி நிற்க, சென்னையில் அதனினும் இரண்டு மூன்று பாகை குறைந்திருக்கிறது. ‘வெப்ப நாடு’, ‘குளிர் நாடு’ என்னும் பட்டங்களை எவரும் நிரந்தரமாகச் சூட்டிக்கொள்ள இயலாது.

பட்டத்தோடு நின்றால் தீங்கில்லை. சீதோஷ்ணமே மனிதனின் குணத்தை ஆக்குகிறது என்றொரு கொள்கையும் இச்சொல்லின் நிழலில் வளர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட பெருநூலில், குளிர் நாட்டார் ஊக்கமுடையோர் என்றும், வெப்ப நாட்டார் சோர்வும் அச்சமும் உடையோர் என்றும் எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, ஆட்டின் நாக்கை உறையவைத்து உருப்பெருக்கியால் நோக்கியது! இந்தியாவை அவர் கண்ணால் கண்டவருமல்லர். வெயிலில் பிறந்தோர் சோம்பேறிகள் எனின், 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களை ஏற்றியவர் யாவர்? அதேபோல், ‘இங்குள்ளோர் குளிருக்குக் கோதுமையும் நெய்யும் உண்டு முரடரானவர்கள்’ என்று நம் கூடத்தில் அமர்ந்து நாம் பேசுவதும் அதே ஆட்டு நாக்குச் சாத்திரந்தான். அண்டை வீட்டாரைப் பற்றி நம் குழந்தைகள் காதில் விழும்படி இவ்வாறு பேசுதல் தகாது.

மற்றொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். இன்று காலை பெய்த மழை வானிலை. ஓர் ஊரில் பல்லாண்டுகளாகப் பெய்யும் மழையின் ஒழுங்கு காலநிலை. 1935-இல் வார்சா நகரில் கூடிய அனைத்துலக வானிலை அறிஞர்கள், முப்பது ஆண்டுப் பதிவுகளின் சராசரியை அளவுகோலாகக் கொள்வதென முடிவு செய்தனர். நமக்குப் பழக்கமான தண்டவாளத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 40 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டே இணைப்பில் இடைவெளி வைப்பர். பாதை போடும் பொறியாளர் அன்றைய வெயிலை மட்டும் பார்த்து இடைவெளி விட்டால், மே மாதத்தில் தண்டவாளம் நெளியும். ஜனவரியில் இணைப்புத் திறக்கும். அவ்வூரின் கடுங்கோடையையும் கடுங்குளிரையும் ஒருங்கே அவர் அறிந்திருத்தல் வேண்டும். இதற்காகவே ரயில்வேக் கையேடு இந்நாட்டை நான்கு வெப்ப மண்டலங்களாக வகுத்தது. தாலமியின் ஏழு பட்டைகளுக்கு இவை தம்பிமுறை என்னலாம்!

நம் மொழியில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பழைய ‘சீதோஷ்ணம்’ என்பது சீதமும் உஷ்ணமும். அதனையே தமிழாக்கித் ‘தட்பவெப்பம்’ என்றோம். இன்று அரசாங்க ஏடுகளில் ‘காலநிலை’ நிலைபெற்றுவிட்டது. இவற்றிற்கெல்லாம் முன்னரே, தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் சேர்த்து ‘முதற்பொருள்’ என்றார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளை ஒவ்வொன்றும் இரு திங்களாக நம் முன்னோர் வகுத்தனர்.

இங்கு வளரும் நம் குழந்தைகளுக்குத்தான் சங்கடம். ஐப்பசி அடைமழை என்று பாட்டி கதை சொல்கிறாள்; சன்னலுக்கு வெளியே ஐப்பசி வானம் வறண்டு கிடக்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது; டில்லியிலோ முக்காற்பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து தீர்கிறது. குழந்தை பாட்டியை நம்புவதா, சன்னலை நம்புவதா? இரண்டும் மெய் என்று நாம் சொல்லிக் கொடுக்கவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்கு மழை கொணர்வதையும், தென்மேற்குப் பருவக்காற்று வடநாட்டை நனைப்பதையும் படத்தில் காட்டினால், அச்சொற்கள் வெறும் பாடப்புத்தகச் சொற்களாக நில்லாமல் அதன் மனத்தில் வேர்கொள்ளும்.

பெரியவர்களாகிய நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆனோர் நம்முள் பலர். ‘எங்கள் ஊரில் மார்கழியில் எப்படிக் குளிரும் தெரியுமா!’ என்று நாம் சொல்வது நாம் விட்டு வந்த ஊரைப் பற்றியது. அதற்குப்பின் அளவுகோலின் ஒரு முழுச் சுற்றே கழிந்துவிட்டது. சென்னையில் 1796 முதலும், 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையில் நாடு முழுவதற்குமாகவும் பதிவுகள் வைத்து வருகிறார்கள். 1901 முதல் அத்துறை வைத்துள்ள கணக்கில், அதுவரை கண்ட ஆண்டுகளுள் மிக வெப்பமானது 2024 என அறிவிக்கப்பெற்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையே இவ்வெப்ப ஏற்றத்துக்குத் தலையாய காரணம் என்று அறிவியல் கூறுகிறது. ஒரு நாள் வெயிலைக் கண்டு உலகம் மாறிற்று என்பதும் பிழை. ஒரு நாள் குளிரைக் கண்டு மாறவில்லை என்பதும் பிழை. நீண்ட கணக்கே பேசவேண்டும்.

ஆகவே அன்பர்களே, இனி ‘கிளைமேட் சரியில்லை’ என்று சொல்ல வாயெடுக்கும்போது, நாம் குறிப்பது இன்றைய வானிலையா, இவ்வூரின் காலநிலையா, அன்றி நம் மனத்தின் ஊர் ஏக்கமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். முதலிரண்டுக்கும் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் முன்னிலையில் வழங்குவோம். மூன்றாவது எனின், கம்பளி போர்த்துப் பயனில்லை. விடுமுறைக்குச் சீட்டுப் பதிவு செய்வதே மருந்து.