படகுத்துறையில் கரையும் செம்பு

கலிஃபோர்னியாவின் சான் டியாகோ வளைகுடா வாயருகே ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறை இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. மூன்று பக்கமும் கரை சூழ்ந்த இடம் என்பதால் கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து கழுவிச் செல்வது குறைவு. படகில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்க அடிப்பாகத்தில் பூசும் செம்பு கலந்த பெயின்ட் மெல்லக் கரைந்து அந்த நீரிலேயே தங்கிவிடுகிறது. கரைந்தால்தான் அந்தப் பெயின்ட் வேலை செய்யும். சிக்கலின் வேர் இதுதான்.

கடல்நீரில் கரைந்த செம்பு நீண்டகால அளவில் லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும், கடற்சிப்பிகளின் இளங்கருக்களுக்குச் செம்பு மிகக் கொடியது. 2005இல் வட்டார நீர்த்தர வாரியம் கணக்கெடுத்தபோது, துறையில் சேரும் செம்பில் ஏறக்குறைய 98 சதவீதம் படகுப் பெயின்டிலிருந்தே வருவது தெரிந்தது. ஆண்டுக்கு 2,163 கிலோவை 567 கிலோவாகக் குறைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கெடு 17 ஆண்டுகள். இடையில் 10, 40 சதவீதம் எனப் படிகள்.

ஆலைக் கழிவென்றால் குழாயின் வாயைப் பிடிக்கலாம். இங்கே ஒவ்வொரு படகும் ஒரு குழாய். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொந்தக்காரர். படகுத்துறை நடத்துபவர் ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்கியிருக்க மாட்டார். ஆனாலும் துறைமுக நிர்வாகம், படகு உரிமையாளர்கள், அடிப்பாகம் தேய்க்கும் முக்குளிப்பவர்கள் ஆகியோரோடு அவர் பெயரும் பொறுப்பாளர் பட்டியலில் இருக்கிறது. அவரை அபராதத்தால் மிரட்டி மட்டும் இந்த நீரைச் சுத்தமாக்க முடியாது என்றே உறுதியாக நினைக்கிறேன். அவருக்குக் கை கொடுக்க வேண்டும்.

அங்கே சில நல்ல காரியங்கள் நடந்தன. செம்பில்லாத பெயின்டுக்கு மாற, பெரும்பாலும் பல ஆண்டுப் பூச்சுகளைச் சுரண்டியெடுக்க வேண்டும். பெயின்டின் விலையைவிட இந்தச் செலவுதான் உரிமையாளரைத் தயங்க வைக்கிறது. பெயின்ட் மாற்றுவோருக்கு அதில் ஒரு பங்கை மானியமாகத் தரும் திட்டத்தைத் துறைமுகம் நடத்தியது. நீருக்கடியில் தேய்ப்பவர்கள் அனுமதி பெற வேண்டும் என்றும் ஆயிற்று. கரடுமுரடான பட்டையால் அழுத்தித் தேய்த்தால் செம்பு புகைபோலக் கிளம்பும். மென்மையான துணியால் துடைத்தால் மிகக் குறையும். சிலிக்கோன் பூச்சு வழவழப்பால் உயிர்களை ஒட்டவிடாது, நஞ்சும் கிடையாது. விலைதான் அதிகம், அடிக்கடி துடைக்கவும் வேண்டும். அவசரப்பட்டு வேறொரு நஞ்சுக்குத் தாவுவதும் ஆபத்து. முன்பு செம்பைவிட வீரியமானதென்று கொண்டாடப்பட்ட டிரைபியூட்டில் டின், பிரான்சின் அர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே நாசமாக்கியது. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளில் அதற்குத் தடை போட்டது. உலகளாவிய தடை 2008இல்தான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த நடவடிக்கை, படகுத்துறைக்கு வெளியே எடுக்கப்பட்டது. உல்லாசப் படகுப் பெயின்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு கசியக் கூடாதென்று 2018இல் கலிஃபோர்னியாவின் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறைத் துறை வரம்பு கட்டியது. அதைத் தாண்டும் பெயின்ட் கடைக்கே வராதென்றால், ஒவ்வொரு படகின் அடிப்பாகத்தையும் துறை நடத்துபவர் சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.