மலைப்பாதையில் கார் கியர் போச்சா? நியூட்ரலில் உருட்டி இறக்குவது ஏன் ஆபத்து? - முழு விளக்கம்

பொள்ளாச்சியில் காலை டிபனை முடித்துவிட்டு வால்பாறைக்குக் கிளம்பிய கார் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டிகள், ஏசியும் ஓடுகிறது. ஆழியாரைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40 வளைவுகள். பாதி தூரம் ஏறியிருக்கும்போது பின்சீட்டில் இருந்து குரல் வருகிறது, "என்னங்க, ஏதோ கருகுற வாசம் வருதே?" ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது.

சீசன் நேரத்தில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என எந்தப் பாதையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வண்டி நின்றதும் நாலு பேர் கூடுவார்கள், ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். அதில் ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "நியூட்ரல்ல போட்டு அப்படியே உருட்டிக்கிட்டே அடிவாரத்துக்கு இறக்கிடுங்க சார், கீழ மெக்கானிக் இருக்காரு."

சொல்லப்படும் யோசனைகளிலேயே மோசமானது இதுதான். கியர் போன வண்டி நின்றுவிட்டால் அது செலவு விஷயம். அதை உருட்டி இறக்க ஆரம்பித்தால் உயிர் விஷயமாகிவிடும்.

போனது கியர்பாக்ஸா, கிளட்சா?

"கியர் போச்சு" என்று நாம் சொல்லும் பல நேரங்களில் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கும். பிரச்னை கிளட்சில் இருக்கும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்து, இன்ஜினின் சக்தியைச் சேர்த்துவிடுவதும் பிரித்துவிடுவதும் இந்த கிளட்ச் பிளேட்டின் வேலை. ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ் நின்று நின்று போக, நாமும் பிரேக்கை மிதிக்காமல் பாதி கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருப்போம். அப்போது பிளேட் வழுக்கிக்கொண்டே உரசும். அந்த உரசலில் வரும் சூடுதான் கருகல் வாசனை.

எது கெட்டது என்பதை ஓரளவுக்கு நாமே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை, கருகல் வாசனையும் வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே தரையோடு படுத்துவிட்டது, இன்ஜின் ஓடும்போது கியர் விழவே இல்லை, ஆனால் இன்ஜினை ஆஃப் செய்தால் எல்லா கியரும் சுலபமாக விழுகிறது என்றால், கிளட்ச் கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கிளட்ச் ஆயில் கசிந்திருக்கலாம். ஆயிலில் இயங்கும் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். எனவே பானெட்டைத் திறந்து அந்த டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால், "கிளட்ச்தானே" என்று விட்டுவிடக் கூடாது. பிரேக்கையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் கியர் லிவர் தொளதொளவென்று ஆடுகிறது, எதிலும் போய் விழவில்லை என்றால் லிவரில் இருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் கழன்றிருக்கக்கூடும். பல நேரம் சின்ன வேலையோடு முடிந்துவிடும். ஆனால் கடகடவென்று இரும்பு அரைபடும் சத்தம், போட்ட கியர் தானாக வெளியே வருவது, வண்டிக்கு அடியில் கெட்டியான எண்ணெய் சொட்டுவது, இவையெல்லாம் உண்மையிலேயே கியர்பாக்ஸ் தகராறு. கல்லில் அடிப்பாகம் இடித்த பிறகு எண்ணெய் கசிந்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. (ஏசி ஓடும்போது சொட்டுவது வெறும் தண்ணீர்தான், தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.)

ஆட்டோமேட்டிக் காருக்கும் இதே கதைதானா?

கொஞ்சம் வேறு. ஏஎம்டி என்று விற்கப்படும் கார்களில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்சை மிதிப்பதற்குக் காலுக்குப் பதிலாக ஒரு கருவி இருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிற்கவைத்தால், இதிலும் கிளட்ச் கருகும். "நம்மளுது ஆட்டோமேட்டிக்தானே" என்ற தெம்பில் பலரும் செய்யும் தவறு இது.

டிசிடி வகையில் கிளட்ச் சூடு அதிகமானால் டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை வரும். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் வகைகளில் உள்ளே இருக்கும் ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் எச்சரிக்கை விளக்கு எரியும், அல்லது கார் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு ஒரே கியரில் தவழும். இது வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்தி மிதித்துச் சண்டை போடக் கூடாது. ஓரம் கட்டி, 'பி'யில் போட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, ஆயில் கசிவு இல்லை என்றால் இன்ஜினைச் சும்மா ஓடவிடலாம். அப்போதுதான் ஆயில் சுற்றிவந்து ஆறும். கசிவு இருந்தால் உடனே ஆஃப்.

சூடு ஆறிய பிறகு வண்டி பழையபடி ஓடுவதும் உண்டு. அரை மணி நேரம் பொறுத்தால் போதும் என்ற நிலையில், அவசரப்பட்டு கிளட்சை முழுசாகக் கருக்கிவிடுபவர்கள்தான் அதிகம்.

உருட்டி இறக்கினால் என்ன ஆகும்?

இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியரில் வண்டி அடங்கி இறங்குவதற்குக் காரணம் இன்ஜின்தான். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சக்கரங்கள் இன்ஜினை இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கிறது, அந்தப் பளுவே வண்டியைப் பிடித்து வைக்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி கிடையாது. ஐந்து பேரும் பெட்டிகளுமாக மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும்.

தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் டிஸ்க் காய்ந்து கொதிக்கும். பேடின் பிடிமானம் குறையும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிவிடும், அவ்வளவுதான். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இன்ஜினையும் ஆஃப் செய்துவிட்டு உருட்டினால் இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகும்.

"கிளட்ச்தான் வழுக்குது, கியர் விழுதே, இரண்டாவது கியர்ல இறங்கிடலாமே?" என்று கேட்கலாம். இன்ஜினின் பிடி சக்கரத்துக்கு வந்து சேர்வதும் அதே கிளட்ச் வழியாகத்தான். அது வழுக்கினால், கியரில் இருந்தாலும் வண்டி நியூட்ரலில் இருப்பது போலத்தான் ஓடும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இப்போதைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். கணக்கும் தவறு, காரியமும் தவறு.

நின்ற வண்டியை என்ன செய்வது?

வளைவிலேயே நின்றுவிடாமல், முடிந்தவரை நேரான இடத்தில், மலைச்சுவர் பக்கம் ஒதுக்க வேண்டும். ஹசார்ட் விளக்கு, ஹேண்ட்பிரேக், கியரில் போட்டு நிறுத்துவது என மூன்றும் தேவை. முன்பக்கம் ஏற்றத்தைப் பார்த்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். கிளட்ச் வழுக்கும் வண்டியில் கியர் மட்டும் முழுசாகப் பிடிக்காது என்பதால் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தே தீர வேண்டும்.

எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்திலேயே வைப்பதில் பயன் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம், வருபவருக்கு முன்கூட்டியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். முக்கோணம் இல்லையென்றால் லாரி டிரைவர்கள் செய்வது போல இலை தழையை ஒடித்துப் போடலாம். ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லையும் தழையையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போவது முக்கியம். நடுரோட்டில் விட்டுவிட்டுப் போன கல், இரவில் பைக்கில் வருபவரைச் சாய்த்துவிடும்.

குழந்தைகளும் பெரியவர்களும் வண்டியை விட்டு இறங்கி, வண்டிக்குப் பின்னால் நிற்காமல் பாதுகாப்பான இடத்துக்குப் போவது நல்லது. யானை நடமாட்டம் உள்ள காட்டுப் பாதை என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். அங்கே வண்டியை விட்டு நடந்து போவதும், இருட்டிய பிறகு வெளியே நிற்பதும் கூடாது.

யாரைக் கூப்பிடுவது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ஆனால் ஆழியார் - வால்பாறை சாலை மாநில நெடுஞ்சாலை, கொல்லிமலையின் 70 வளைவுகளும் தேசிய நெடுஞ்சாலையில் வராது. அங்கெல்லாம் கார் நிறுவனத்தின் அல்லது இன்சூரன்ஸின் சாலை உதவி எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஆபத்தான இடத்தில் நின்றுவிட்டால் 112.

மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. அந்த வழியாக வரும் அரசு பஸ்ஸை நிறுத்தி, டிரைவரிடமோ கண்டக்டரிடமோ சொல்லி அனுப்புவதுதான் பழைய, இன்றும் பலிக்கிற வழி. உதவி எண்ணை போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் வைத்திருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

கயிறு கட்டி இழுக்கலாமா?

சமதளத்தில், மேனுவல் கார் என்றால், கொஞ்ச தூரம் மெதுவாக இழுக்கலாம். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். மலை இறக்கத்தில் கயிறு வேண்டவே வேண்டாம், பின்னால் வரும் வண்டி முன்வண்டி மீதே மோதும்.

ஆட்டோமேட்டிக் காரை எங்குமே அப்படி இழுக்காமல் இருப்பது உத்தமம். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஆயிலைச் சுற்றிவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் ஆஃப், சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால் உள்ளே ஆயில் போகாமல் தேய்ந்துவிடும். எனவே கூப்பிடும்போதே "ஆட்டோமேட்டிக் வண்டி, மேலே ஏற்றிப் போகிற பிளாட்பெட் வேணும்" என்று சொல்லிவிட வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கும் இதேதான். கட்டணத்தை, எங்கிருந்து எங்கே வரை என்பதோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு, ஏற்றும் முன்பு வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனதற்குப் பொதுவாகக் கிடைக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது, வாரன்டியிலும் கிளட்ச் பிளேட்டைத் தேய்மானப் பொருளாகத்தான் வைத்திருப்பார்கள். கல்லில் இடித்து கியர்பாக்ஸ் உடைந்தால் அது விபத்து, கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆயில் கசிகிறது என்று தெரிந்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போனால், உள்ளே அரைபட்ட பல்சக்கரங்களுக்குப் பணம் தர மறுக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின், கியர்பாக்ஸ் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்கிறீர்களா என்பதை பயணத்துக்கு முன்பே பாலிசியில் பார்த்துவிடலாம்.

கடைசியாக ஒர்க்‌ஷாப். முன்பின் தெரியாத ஊரில், அவசரத்தில் நிற்கும் குடும்பத்திடம் "கியர்பாக்ஸே போச்சு சார்" என்று சொல்வது சுலபம். கியர் ஆயிலைக் கண் முன்னால் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பளபளவென்று இரும்புத் துணுக்குகள் நிறைய வந்தால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயில் சுத்தமாக இருந்து, கருகல் வாசனையும் அடித்திருந்தால், முதலில் கிளட்சைப் பாருங்கள் என்று கேட்கலாம். மாற்றிய பழைய பிளேட்டையும் கையோடு வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.