முப்பத்தொன்று பெரியதா, ஒன்பது பெரியதா?

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் அக்காள் மகள் முனைவர் பட்டத்திற்கு மேற்பார்வையாளர் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு தாளோடு வந்தாள். அதில் இரண்டு பேராசிரியர்களின் பெயர்கள். ஒருவருக்கு நேராக 31, மற்றவருக்கு நேராக 9.

"அப்பா முப்பத்தொன்னு உள்ளவர்கிட்டயே சேரச் சொல்றாரு மாமா. மூனு மடங்கு பெரிய ஆளாம்."

அந்த எண்ணுக்கு எச்-இன்டெக்ஸ் என்று பெயர். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். பதவி உயர்வு, ஆய்வு மானியம் என்று எதற்கு விண்ணப்பம் போட்டாலும் விரிவுரையாளர்கள் அந்த எண்ணைக் கேட்டு என் மேசைக்கு வருவார்கள். இப்போது அது நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆய்வுப் படிப்புக்குப் போகிறார்கள். யாரிடம் மூன்று நான்கு ஆண்டுகளைக் கொடுப்பது என்பதை இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

கணக்கு எளிது. ஓர் ஆய்வாளர் கட்டுரை வெளியிடுகிறார். இன்னொருவர் தம் கட்டுரையில் அதைச் சான்றாகக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளில் 9 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 9 மேற்கோள் பெற்று, பத்துக்குப் பத்து எட்டவில்லை என்றால், அவருடைய எண் 9. இருநூறு கட்டுரை எழுதி எவரும் சீண்டாமல் கிடந்தால் 0. 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன வழி இது. எழுதியதன் அளவையும் அது பயன்பட்டதையும் ஒரே எண்ணில் அடக்குவதால் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

ஆனால் இராமானுஜனை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். அவருடைய கட்டுரைத் தொகுப்பில் இருப்பவை 37. அவற்றை இன்னும் ஆயிரம் ஆண்டுகள் மேற்கோள் காட்டினாலும் எண் 37ஐத் தாண்டாது. மருத்துவ ஆய்வில் அதைத் தாண்டியவர்கள் உலகில் எத்தனையோ பேர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கலை விளக்க நான் செம்பனையைத்தான் எடுப்பேன். இளம் பனையில் நின்ற இடத்திலேயே உளியால் குலையைத் தள்ளிவிடலாம். முப்பது அடி உயர்ந்த கிழப்பனையில் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து வெட்ட வேண்டும். மாலையில் இருவருடைய குலைகளையும் எண்ணி, "இவன் சோம்பேறி" என்று எந்தக் கிராணியும் சொல்லமாட்டார். எந்த நிரை, எந்த வயது மரம் என்று முதலில் கேட்பார். பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்வியைத்தான் பல நேரம் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அக்காள் மகளிடம் அதைத்தான் கேட்டேன். 31 உள்ளவர் மின்கலப் பொருள்களை ஆராய்பவர். இருபது ஆண்டுக்கு மேலாக எழுதுகிறார். 9 உள்ளவர் சதுப்புநிலப் பூச்சிகளை ஆராய்பவர். ஏழெட்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. எச்-இன்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. வயதுக்கும் அதில் பங்கு உண்டு. துறைக்கு உள்ள பங்கு அதைவிடப் பெரியது.

அதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. சிலாங்கூர் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் கூட்டம் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னி அணைபவை. மலேசிய வன ஆய்வு நிலையமான ஃப்ரிமின் லாரன்ஸ் கிர்ட்டன், நாடா பட்ருடின் முதலியோர் இந்த மரங்களை இரவில் டிஜிட்டல் கேமராவில் படமெடுத்து, படத்தில் விழும் ஒளிப்புள்ளிகளைக் கொண்டு பூச்சிகளின் தொகை கூடுகிறதா குறைகிறதா என்று கண்காணிக்கும் முறையை உருவாக்கினார்கள். 2012இல் அது கட்டுரையாக வந்தது. மின்மினியின் புழு மரத்தில் வளர்வதில்லை. ஆற்றோர ஈர நிலத்தில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் பூச்சி இருக்காது. படகோட்டிகளின் பிழைப்பும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றோர மின்மினியை ஆராய்பவர்கள் உலகம் முழுவதும் சேர்த்தாலும் சிறு கூட்டம். மேற்கோள் காட்ட ஆள் வேண்டாமா?

அதே மின்மினி துறை மாறிப் போன கதையைக் கேளுங்கள். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்து மின்மினிகளைப் பிடித்து, பாங்காக் ஹோட்டல் அறையின் இருட்டில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றையொன்று பார்த்துத் தாளம் சேர்ந்தன. 1990இல் ரெனாட்டோ மிரோல்லோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் இப்படித் தாளம் சேர்வது ஏன் என்பதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரையை நரம்பியல், இதயத் துடிப்பு ஆய்வு, கம்பியில்லாக் கருவிகள் என்று பல துறையினரும் மேற்கோள் காட்டினார்கள். 2008இல் ஸின்-ஷே யாங் என்பவர் 'மின்மினி அல்கோரிதம்' என்ற கணினி வழிமுறையை வெளியிட்டார். அதற்கு மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில். மேற்கோள் காட்டிய பொறியாளர்களில் எத்தனை பேர் ஒரு மின்மினியையாவது கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்! பூச்சி ஒன்றுதான். கணினித் துறையில் கைகள் அதிகம், எண்ணும் அதிகம்.

இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் துறைக்கேற்ற மேற்கோள் அளவு என்று ஒன்று உண்டு. அதே துறையில், அதே ஆண்டில் வந்த, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். 1.5 என்றால் சராசரியைவிடப் பாதி கூடுதல். கிழப்பனையைக் கிழப்பனையோடு ஒப்பிடுவது மாதிரி. அக்காள் மகள் கொண்டுவந்த இரண்டு பெயர்களுக்கும் அதைப் பார்த்தோம். 9 உள்ளவர் 1ஐ நன்றாகவே தாண்டியிருந்தார்; 31 உள்ளவர் 1ஐ ஒட்டி நின்றார். அதனால் 31 உள்ளவர் மட்டம் என்று ஆகிவிடாது. மூன்று மடங்கு பெரியவர் என்ற பேச்சுதான் நிற்கவில்லை.

இப்படி எண்ணும் கலையின் வேர் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் டெரெக் டி சோலா பிரைஸ் என்ற இளைஞர் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். நூலகக் கட்டடம் தயாராகவில்லை என்று ராயல் சொசைட்டியின் பழைய இதழ்த் தொகுதிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். பத்தாண்டு பத்தாண்டாக அடுக்கியபோது ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிட உயரமாக, சுவரில் ஒரு வளைகோடு போல ஏறியதைக் கண்டார். அறிவியல் பெருகும் வேகத்தை அளக்கலாம் என்ற யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது. அதே 1948இல் நம் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளையும் கணக்கியலால் அளக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு மாநாட்டில் பேசி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் வைத்தார்.

கூட்டு ஆய்வு என்று வந்தால் கணக்கு இன்னும் குழம்பும். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். அத்தனை பேருக்கும் ஒரு முழுக் கட்டுரை என்று எழுதினால் அது என்ன நியாயம்? நமக்கு நெருக்கமான நல்ல உதாரணம் செம்பனை. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே நம் பத்தாங் பெர்ஜுந்தை தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார் (பெயர் தென்னமரம், நட்டது செம்பனை!). 2013இல் அந்த மரத்தின் மரபணுத் தொகுதி 'நேச்சர்' இதழில் வெளியானது. கூடவே, கொட்டையின் ஓட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் 'ஷெல்' மரபணுவைப் பற்றிய கட்டுரையும் வந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரஜிந்தர் சிங்கின் பெயர் முதலில். ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அமெரிக்க ஆய்வகங்களும் சேர்ந்த வேலை அது. மெல்லிய ஓட்டு ரகம் தடித்த ஓட்டு ரகத்தைவிட 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும். முன்பெல்லாம் மரம் காய்க்கும்வரை பல ஆண்டு காத்திருந்துதான் எந்த ரகம் என்று தெரியும். இப்போது நாற்றின் இலையைச் சோதித்தே சொல்லலாம். நாற்றுப்பண்ணைக்காரர் யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவருக்குக் கிடைத்த பயன் எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது.

பெயர் வரிசையையும் பாருங்கள். உயிரியலில் பெரும்பாலும் முதலில் வருபவர் கையால் வேலை செய்தவர். கடைசியில் வருபவர் குழுத் தலைவர். கணிதத்தில் அகர வரிசைதான், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இனி தண்ணீர் கலந்த பால். பால்மரக் காலத்தில் ஸ்டோரில் எடை மட்டும் போட்டு விட்டுவிட மாட்டார்கள். மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வாளியில் தண்ணீர் ஊற்றியவர் அங்கே மாட்டிக்கொள்வார். ஆய்வுலகிலும் வாளியில் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. தம் கட்டுரைகளைத் தாமே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது, நண்பர்கள் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காட்டிக்கொள்வது, வேலையே செய்யாதவர் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது. என் மேசைக்கு வந்த பட்டியல்களில் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். தொடர் ஆய்வில் தன் முந்தைய வேலையைக் குறிப்பிடுவது இயல்புதான். பத்தில் ஏழு மேற்கோள் சொந்த வீட்டிலிருந்தே வந்தால் மெட்ரோலாக்கை எடுக்க வேண்டியதுதான்.

ஸ்கோப்பஸ் திறக்கப் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். கூகல் ஸ்காலர் இலவசம், கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் அது பலதையும் சேர்த்து எண்ணுவதால் எண் கொஞ்சம் பெரிதாகவே காட்டும். ஒரே ஆளின் எண்ணை இரண்டு இடங்களில் பார்த்து மிரள வேண்டாம். அங்கே மொத்தக் கணக்குக்குப் பக்கத்தில் கடந்த சில ஆண்டுகளின் கணக்கு தனியாக இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு கட்டுரையின் கீழுள்ள மேற்கோள் எண்ணைத் தட்டுங்கள். யார் யார் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதே பல்கலைக்கழகத்துப் பெயர்களா, வேறு நாட்டுக்காரர்களா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அவரிடம் படித்த மாணவர்களின் பெயர் கட்டுரையில் முதலில் வந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.