படக்கதை படித்தால் படிப்பு கெடுமா?

பள்ளி விடுமுறை நாள். வீட்டுக் கூடத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தடித்த புத்தகம் ஒன்றில் மூழ்கிக் கிடக்கிறான். மகன் இவ்வளவு பெரிய நூலைப் படிக்கிறானே என்ற பூரிப்போடு அருகில் வரும் தந்தை, பக்கமெங்கும் படங்களைக் கண்டதும் முகம் சுளிக்கிறார். "இந்த வயதிலும் பொம்மைப் புத்தகமா? வேறு நல்ல புத்தகம் கிடைக்கவில்லையா?" பையன் பதில் சொல்வதில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தமிழ் இல்லங்களில் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அடுத்த முறை அவன் என்ன படிக்கிறான் என்பது வீட்டில் எவருக்கும் தெரியப்போவதில்லை. அவனும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் புத்தகமே தொடுவதில்லை என்று வருந்தும் பெற்றோர், அவர்கள் விரும்பித் தொட்ட புத்தகத்தை என்னவென்று பாராமலே ஒதுக்கிவிடுவது சரிதானா?

பெயர் புதிது, பழக்கம் பழையது

ஆங்கிலத்தில் 'கிராஃபிக் நாவல்' என்று அழைக்கப்படும் நூலைத் தமிழில் சித்திர நாவல் எனலாம். முழு நீளக் கதையைப் படங்களும் சொற்களும் சேர்ந்து சொல்லும் நூல் அது. வில் ஐஸ்னர் என்ற அமெரிக்க ஓவியர் 1978ல் 'கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில், நெருக்கமான அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த ஏழை மக்களின் கதைகள் அவை. பறக்கும் வீரர்கள் யாரும் அவற்றில் இல்லை. கிராஃபிக் நாவல் என்ற சொல் அதற்கு முன்பே இருந்தாலும், பரவலாக வழக்கில் வந்தது அந்நூலுக்குப் பிறகுதான்.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் போன்றது ஊகப் புனைவு. அறிவியல் புனைகதை, மாயக்கதை, பேய்க்கதை, வரலாறு வேறு வழியில் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்லும் கதை ஆகிய அனைத்துக்கும் அது பொதுப்பெயர். 'இப்படி நடந்தால் எப்படி இருக்கும்?' என்ற ஒரே கேள்வியில்தான் இவை எல்லாமே பிறக்கின்றன.

இவை இக்காலப் பிள்ளைகளின் மோகம் என்று எண்ணும் பெரியவர்கள் தங்கள் இளமையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1947ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வைப் படித்து வளர்ந்த தலைமுறை இங்கும் உண்டு. முருங்கை மரத்தில் தொங்கும் உடலுக்குள் இருந்துகொண்டு விக்கிரமாதித்தனிடம் கேள்வி கேட்ட வேதாளம் எந்த வகையில் சேர்த்தி? 1972ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழில் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்ததும் கையைத் தவிர உடலெல்லாம் மறைந்துவிடும் மனிதன். பிரிட்டிஷ் படக்கதை ஒன்றிலிருந்து தமிழுக்கு வந்தவன் அவன். அவனைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தான் இன்று பேரப்பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறார்கள்!

படத்தைப் படிப்பது எப்படி?

எழுத்து இருந்தால் படிப்பு, படம் இருந்தால் வேடிக்கை என்பது பலரின் கணக்கு. சித்திர நாவலைப் படித்துப் பழகாதவர் முதன்முதலில் அதைக் கையில் எடுக்கும்போது இந்தக் கணக்கு தவறிவிடுகிறது. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம், எதை முதலில் பார்ப்பது என்று தடுமாறுகிறார். ஜப்பானிய மங்கா நூலாக இருந்தால் இன்னும் சிரமம். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போக வேண்டும். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதுதான் அங்கே முதல் பக்கம்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெற்று இடைவெளி விடப்பட்டிருக்கும். ஸ்காட் மெக்கிளவுட் என்ற ஓவியர் 1993ல் படக்கதையைப் பற்றிப் படக்கதையாகவே ஒரு விளக்க நூல் எழுதினார். அதில் அவர் இந்த இடைவெளிக்குத் தரும் முக்கியத்துவம் அதிகம். ஓர் உதாரணம் கற்பனை செய்து பார்க்கலாம். முதல் கட்டத்தில் ரோத்தானை ஓங்கியபடி தாய் நிற்கிறார். இரண்டாம் கட்டத்தில் பையன் மேசை முன் அமர்ந்து, இடது கையைத் தேய்த்துக்கொண்டே வலது கையால் எழுதுகிறான். அடி விழுந்ததை ஓவியர் வரையவே இல்லை. அதை நடத்தி முடித்தது வாசகரின் மனம். எத்தனை அடி, பையன் அழுதானா, தாய் பிறகு வருந்தினாரா என்பதையெல்லாம் வாசகரே நிரப்பிக்கொள்கிறார். எழுத்தில் வரிகளுக்கு இடையே படிப்பதற்கு என்ன பயிற்சி வேண்டுமோ அதே பயிற்சி இதற்கும் வேண்டும்.

இதை நேரில் உணர விரும்புவோர் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பேராக்கில் 1951ல் பிறந்த ஓவியர் லாட், 1979ல் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாட் என்ற கம்பத்துப் பையன் பிறந்தது முதல் ஈப்போவில் உள்ள விடுதிப் பள்ளிக்குப் புறப்படுவது வரையிலான கதை. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அதன் அருகே கையெழுத்தில் சில வரிகள், அவ்வளவுதான். ஈயம் தோண்டும் கப்பலின் பக்கம் போய், மற்றப் பையன்களோடு சேர்ந்து ஈயம் அரிக்கப் பழகுகிறான் மாட். தந்தைக்கு வருகிறது கடுங்கோபம். பிறகு அவரே மகனை அழைத்துப் போய்க் குடும்பத்தின் சிறு ரப்பர் தோட்டத்தைக் காட்டுகிறார், படித்து முன்னேற வேண்டும் என்கிறார். எழுத்தில் இருப்பது கொஞ்சம். தந்தையின் பருத்த உடலும் மகனின் பரட்டைத் தலையும் சொல்வது அதிகம். தோட்டப்புறத்தில் வளர்ந்த தமிழர் ஒருவர் இதைப் படித்தால், மதமும் மொழியும் வேறாக இருந்தும், தம் தந்தையை அங்கே அடையாளம் கண்டுகொள்வார். இதன் தொடர்ச்சியான 'டவுன் பாய்' நூலில் மாட்டுக்கும் சீன நண்பன் பிராங்கிக்கும் இடையிலான நட்பு இன்னும் அழகு.

சித்திர நாவலே படித்திராத பெற்றோருக்கு எதைப் பரிந்துரைப்பது என்று கேட்டால், தயங்காமல் லாட்டின் நூலைச் சொல்லலாம். பிள்ளைக்கு வாங்குவதற்கு முன் பெற்றோர் தமக்கென்று படிக்க வேண்டிய நூல் அது.

படம் இருந்தால் பாலர் நூலா?

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. படம்தானே, சின்னப் பிள்ளைக்கு ஏற்றதாகத்தான் இருக்கும் என்று அட்டையைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுவது. ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதி வரைந்த 'மவுஸ்' நூலின் அட்டையில் எலிகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் பிழைத்த அவருடைய தந்தையின் வாழ்க்கை. யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் வரையப்பட்டுள்ளனர். 1992ல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற இந்நூலை, 2022ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு வட்டாரப் பள்ளி வாரியம் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. தகாத சொற்களும் ஆடையற்ற உருவம் ஒன்றும் இருப்பதே காரணம் என்றது. செய்தி பரவியதும் நூலின் விற்பனை ஏறியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது உகந்ததல்ல என்பதில் ஐயமில்லை. பதினைந்து வயதில், உலகப் போரைப் பாடமாகப் படிக்கும்போது, அதைவிட உகந்த நூல் கிடைப்பது கடினம். ஒரே நூல், மாறியது வாசகர் வயது மட்டுமே.

சிங்கப்பூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூ, 2015ல் 'சார்லி சான் ஹாக் சாயின் கலை' என்ற பொருள்படும் சித்திர நாவலை வெளியிட்டார். சார்லி சான் ஒரு முதிய படக்கதை ஓவியர். அவர் வாழ்நாளெல்லாம் வரைந்தவற்றின் தொகுப்பாக நூல் அமைந்திருக்கிறது. உண்மையில் அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை. ஒவ்வொரு காலகட்டத்துக்கும் அந்தந்தக் காலத்துப் படக்கதைப் பாணியில் வரைந்து, சிங்கப்பூர் வரலாற்றையே மறுபடி சொல்லிப் பார்க்கிறார் லியூ. லிம் சின் சியோங் நாட்டின் தலைவராகியிருந்தால் என்ற ஊகமும் அதில் உண்டு. ஆக, அது சித்திர நாவலும் ஊகப் புனைவும் ஒருங்கே ஆன நூல்.

நூல் வெளிவரும் வேளையில் தேசியக் கலைகள் மன்றம் தான் அளித்த 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக்கொண்டது. அரசாங்கத்தின் அதிகாரத்துக்கும் நியாயத்தன்மைக்கும் ஊறு விளைவிக்கக்கூடிய பகுதிகள் இருப்பதாக அது கருதியது. முதற்பதிப்பு விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. 2016ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது. சித்திர நாவல் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 2017ல் அமெரிக்காவில், வில் ஐஸ்னர் பெயரால் வழங்கப்படும் விருதுகளில் மூன்று இதற்கு வந்து சேர்ந்தன. மானியம் மீட்கப்பட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மானியத்தை மீட்டவர்களும் சரி, பரிசு தந்தவர்களும் சரி, இரு தரப்பினருமே அதைப் பொம்மைப் புத்தகம் என்று அலட்சியம் செய்யவில்லை.

பரிந்துரைப்பவர் முதலில் கேட்க வேண்டியது

"நல்ல புத்தகம், படி" என்று சொல்லி எந்தப் பிள்ளையும் படித்ததாகத் தெரியவில்லை. கடைசியாகக் கீழே வைக்க மனம் வராமல் படித்தது அல்லது பார்த்தது எது என்று கேட்டால் வழி பிறக்கும். ஹாரி பாட்டர் என்று பதில் வந்தால், உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய 'எர்த்சீ' மந்திரவாதியைக் கொடுக்கலாம். மந்திரப் பள்ளிக்குப் போகும் சிறுவன் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறான். அவன் பெயர் கெட். மாநிறத்தவன். 2004ல் வந்த தொலைக்காட்சித் தொடர் அவனை வெள்ளைக்காரனாக்கியபோது, லெ குவின் அதைக் கண்டித்து எழுதினார். நிறம் பற்றிக் கேலி கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தகவலையும் சேர்த்தே சொல்லலாம்.

பேய்க்கதை விரும்பும் கல்லூரி மாணவிக்கு மலேசியாவில் பிறந்த ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ந்து பினாங்குக்குத் திரும்பும் பெண்ணின் காதில், இறந்துபோன பாட்டியின் குரல் கேட்கத் தொடங்குகிறது. 2021ல் வந்த நூல். பாட்டி சும்மா இருக்கும் பாட்டியும் அல்லர்; பழைய பகை ஒன்றைத் தீர்த்துக்கொள்ளப் பேத்தியை இழுக்கிறார். வரலாறு பிடித்தவர்களுக்கு மர்ஜான் சத்ரபியின் 'பெர்சபொலிஸ்' உண்டு. ஈரானியப் புரட்சியை ஒரு சிறுமியின் கண்ணால், கறுப்பு வெள்ளைப் படங்களில் காட்டும் இந்நூல் தமிழிலும் வந்துள்ளது.

பரிந்துரைப்பவர் குறைந்தது முதல் இருபது பக்கமாவது தாம் படித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தவும் பிள்ளைக்கு உரிமை தர வேண்டும். பெரியவர்கள் எத்தனை நூலைப் பாதியில் வைத்திருக்கிறார்கள்!

தமிழில் என்ன இருக்கிறது என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இன்றும் விறுவிறுப்புக் குறையாதது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு மயங்காத இளையர் குறைவு. ஜெயமோகனின் 'விசும்பு' அறிவியல் சிறுகதைகள், தமிழ் மண்ணின் மரபறிவிலிருந்தே ஊகங்களைத் தொடங்குகின்றன. எனினும் ஆங்கில அலமாரியோடு ஒப்பிட்டால் தமிழ் அலமாரி மெலிந்ததே. பதின்ம வயதினருக்கான தமிழ்ச் சித்திர நாவல் கேட்டு வரும் மாணவனிடம் நீட்ட அதிகம் இல்லை. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆங்கிலத்தில் இருந்தும் தமிழ் வீடுகளுக்காகவே எழுதியது போன்ற கதை ஒன்று உண்டு. கென் லியூ 2011ல் எழுதிய 'காகித விலங்குக் கூட்டம்'. ஊகப் புனைவுக்கான மூன்று பெரும் விருதுகளான ஹியூகோ, நெபுலா, உலக மாயப்புனைவு விருது ஆகியவற்றை ஒருசேரப் பெற்ற முதல் புனைவு இது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தாய், பரிசுப் பொருள் சுற்றி வந்த காகிதத்தை மடித்து மகனுக்குப் புலி செய்து தருகிறார். அவர் மூச்சை ஊதினால் புலி உயிர் பெற்று ஓடுகிறது. மகன் வளர்கிறான். தாயின் சீன மொழி அவனுக்கு வெட்கமாகிறது. ஆங்கிலத்தில் பேசு என்று அதட்டுகிறான்; பிறகு பேசுவதையே குறைத்துக்கொள்கிறான். தாய் இறந்த பின் ஒருநாள், பழைய பெட்டியிலிருந்த காகிதப் புலி தானே பிரிந்து விரிகிறது. உள்பக்கம் முழுவதும் தாயின் கையெழுத்து. சீனத்தில் எழுதப்பட்ட கடிதம். அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சீனச் சுற்றுப்பயணிகள் வந்து இறங்கும் இடத்துக்குப் போய், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடுகிறான்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே முறை. கதை சிறியது. தாயும் பிள்ளையும் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம், ஒருவருக்குப் புரியாத இடத்தை மற்றவர் தமிழில் சொல்லிக்கொண்டே.