தாய்ப்பலகை தேர்தல்

தோற்றுவாய்

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்புதல் வேண்டும். நம்பிய பின்னர் ஐயுறுதல் கூடாது என்பது அதன் சாரம். ஆட்களைத் தேர்வதற்கு அமைந்த அந்நெறி, பொருள்களைத் தேர்வதற்கும் பொருந்தும். வீட்டிலேயே உறுப்புகளைக் கூட்டிக் கணினி அமைக்க விழையும் மாணவர்க்கு அது மிகுதியும் பொருந்தும். இக்கட்டுரையில், அவ்வாறு அமைக்கும் கணினிக்கு நம்பத்தக்க தாய்ப்பலகையைத் தேர்வது எவ்வாறு என்பதனைச் சுருங்கக் காண்போம்.

தாய்ப்பலகை யாது?

செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய யாவும் வந்து கூடும் பெரிய சுற்றுப்பலகையே தாய்ப்பலகை. செயலியை மூளை என்பர். அவ்வுவமையை நீட்டினால், தாய்ப்பலகை நரம்பும் குருதிக்குழாயும் ஆகும். செய்தியைக் கடத்துவதும் அதுவே. மின்சாரத்தைப் பகிர்ந்தளிப்பதும் அதுவே. பிற உறுப்பு ஒன்று பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றலாம். தாய்ப்பலகை பழுதுற்றால் நிலைமை வேறு.

நாம் பட்ட பாடு

2010ஆம் ஆண்டில் கோபாலபுரத்து இல்லத்தில் ஒரு கணினி அமைத்தோம். அவ்வை சண்முகம் சாலை, இராயப்பேட்டை, அண்ணாசாலை வழியே ரிச்சி தெருவுக்குச் சென்று உறுப்புகளை வாங்கினோம். செயலிக்குத் தாராளமாகச் செலவிட்டோம். தாய்ப்பலகையில் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தினோம். 2013ஆம் ஆண்டுக் கோடையில், மகளின் ஆய்வேடு பாதி தட்டச்சாகியிருந்த வேளையில், கணினி உயிரற்றுப் போயிற்று. திறந்து பார்த்தபோது மின்தேக்கிகள் மூன்று தலை உப்பியிருந்தன. உத்தரவாதக் காலம் மூன்றாண்டு, அது முடியவில்லை. ஆயினும் கடைக்காரர் தந்தது வரிசை எண் இல்லாத துண்டுச்சீட்டு. எனவே உரிமை கோர இயலவில்லை. அச்செயலி பொருந்தும் சாக்கெட்டுடைய நல்ல பலகைகளின் உற்பத்தியும் அதற்குள் நின்றுவிட்டது. பலகையோடு செயலியையும் புதிதாக வாங்க நேர்ந்தது. வன்தட்டு பிழைத்ததால் ஆய்வேடு பிழைத்தது. இழந்தது ஒரு மாதமும் பெரும் பணமும். அன்று கற்ற பாடமே இக்கட்டுரைக்கு வித்து.

பொருத்தம்

முதலாவதாகக் காண வேண்டியது பொருத்தம். இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் 2021இல் அறிமுகமான எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் அமரும். 2024இல் வந்தவற்றுக்கு எல்.ஜி.ஏ. 1851 வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 சாக்கெட் 2016இல் தோன்றிப் பல தலைமுறைச் செயலிகளை ஏற்றது, 2022இல் ஏ.எம். 5 வந்தது. நெடுங்காலம் நீடிக்கும் சாக்கெட்டைத் தேர்ந்தால், நாளை பலகை பழுதுறினும் செயலி வீணாகாது.

நினைவகத்திலும் கருத்து வேண்டும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகியவற்றின் வெட்டுக்குழிகள் வெவ்வேறு இடங்களில் அமைந்தவை; ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. பலகை செய்தோர் வெளியிடும் நினைவகப் பட்டியலைப் பார்த்து வாங்குதல் நன்று. சாக்கெட் பொருந்தினும் பழைய பலகை புதிய செயலியை அடையாளம் காணாமல் போகலாம்; பயாஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா எனக் கடையிலேயே வினவுக.

மின்சாரப் பகுதி

பலகையின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இப்பகுதியே. எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 12 வோல்ட் தருகிறது. செயலிக்கு வேண்டுவதோ ஏறத்தாழ 1.2 வோல்ட். இவ்விறக்கத்தைச் செய்வது சாக்கெட்டை ஒட்டியுள்ள மின்னழுத்தச் சீர்ப்படுத்தி. நூறு வாட் கொள்ளும் செயலிக்கு அது 83 ஆம்பியர் அளவு மின்னோட்டம் வழங்க வேண்டும். நம் வீட்டில் எரியும் நூறு வாட் குண்டுபல்பு அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை என்பதனை ஒப்பிட்டால் இதன் சுமை விளங்கும். ஆகவே அப்பகுதியின் மீது வெப்பம் கடத்தும் உலோகத் தகடு பொருத்தப்பட்டுள்ளதா எனக் காண்க. மலிவான பலகையில் வலிய செயலியை அமர்த்துதல், சிறு கட்டை வண்டியில் நெல்மூட்டை நூறு ஏற்றுதல் போன்றது.

மின்தேக்கியும் சென்னைக் கோடையும்

1999 முதல் ஏறத்தாழ 2007 வரை, குறையுடைய மின்பகுளி நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் தாய்ப்பலகைகளை அழித்தன. கணினி நிறுவனம் ஒன்று 2005இல் இதற்கென 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. நல்ல மின்தேக்கிக்கும் வெப்பமே பகை. திரவ மின்பகுளி மின்தேக்கியின் வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுவிதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் எனக் குறிக்கப்பட்டது, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும்; நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எனின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு. 75 பாகையில் அது பாதியாகும். குளிரூட்டி இல்லாத அறையில் மே மாதத்துச் சென்னை இப்பத்துப் பாகையை எளிதிற் கூட்டிவிடும்.

இதனால் திண்மப் பல்லுறுப்பி மின்தேக்கிகள் உள்ள பலகையே நமக்கு ஏற்றது. அவை தட்டையான உலோகத் தலையுடையவை, உப்புவதில்லை. கடல் அணிமையிலிருப்பதால் ஈரக்காற்றும் உண்டு. கணினிப் பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தூசியை அவ்வப்போது அகற்றுக. மும்முனைச் செருகியின் புவித்தொடர்பு சரியாக உள்ளதா என மின்பணியாளரைக் கொண்டு ஆய்ந்து, யு.பி.எஸ். ஒன்றையும் இணைக்க.

பழையது புதிதாகி வருதல்

2011இல் வந்த எச் 61 சிப்செட்டைக் கொண்டு, பெயரறியா நிறுவனங்கள் செய்த பலகைகள் பின்னரும் பல்லாண்டு புதியனவாக விற்கப்பட்டன. விலை குறைவே. ஆயினும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் அண்மைக்காலச் செயலியையும் கேட்கிறது. அப்பழைய பலகைகள் இத்தகுதி உடையன அல்ல. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு இத்தடை இல்லை. எனினும் பலகையின் தரம் பற்றிய ஐயம் அவர்க்கும் உண்டு.

வாங்குமிடத்தில்

பெட்டியைக் கடையிலேயே திறந்து காண்க. எல்.ஜி.ஏ. சாக்கெட்டில் நுண்ணிய ஊசிகள் பலகையிலேயே இருக்கும். ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் மறுக்கப்படலாம். அவற்றைக் காக்கும் நெகிழி மூடியை எறியாது பேணுக. பெட்டி மீதுள்ள வரிசை எண்ணும் பலகை மீதுள்ளதும் ஒன்றாதல் வேண்டும். அதுவே விலைப்பட்டியலிலும் எழுதப்பட வேண்டும். சேவை மையம் சென்னையில் உள்ளதா எனக் கேட்க. வண்ண விளக்குகளுக்குப் பணம் தருதல் வேண்டா. தமிழ் தட்டச்சுக்கும் படிப்புக்கும் நடுத்தரப் பலகையும் எளிய செயலியும் போதும். எத்தகைய பலகையாயினும், எழுதியவற்றுக்கு வேறிடத்தில் ஒரு படி வைத்தல் கட்டாயம்.

முடிவுரை

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டு. விற்பவரின் நேர்மை ஓர் அமானிதம். ஆனால் வாங்குபவரின் விழிப்பும் அமானிதமே. ஏனெனில் மாணவர் கையிலுள்ள பணம் பெரும்பாலும் அவர்தம் பெற்றோரின் உழைப்பு. ஒரு நாள் பொறுத்து, கேட்டு, எண் பார்த்து வாங்கிய பலகை பல ஆண்டுகள் துணை நிற்கும். தெரிந்து தெளிக, தெளிந்தபின் அச்சமின்றி எழுதுக.