சாக்லேட் திருடிய பையனும் ஒரு கண்டமும்

ஹாஸ்டலில் ஒரு பையன் சாக்லேட் திருடுகிறான். மாட்டிக்கொள்கிறான். பாதிரியார் உறுமுகிறார். பயல் காலில் விழுவான் என்று பார்த்தால்... கூட்டாளிகளோடு ஆடிப் பாட ஆரம்பித்துவிடுகிறான்! பாட்டு குஷியோ குஷி. ஆனால் உள்ளே ஒரு ஊசி. நான் பி.காம். என்பதால் சட்டென்று ஒரு பாலன்ஸ் ஷீட் மனசில் ஓடியது. ஒரு பக்கம் சாக்லேட், எதிர்ப்பக்கம் ஆஸ்திரேலியா என்கிற முழுக் கண்டம். யார் யாருக்கு பாக்கி?

நாடகத்தின் பெயர் 'ப்ரான் நியூ டே'. இங்கிலீஷில் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிய ஸ்பெல்லிங். 1990 பிப்ரவரியில் பெர்த் விழாவில் அரங்கேறியது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் முதல் இசை நாடகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

எழுதியவர் ஜிம்மி சை. 1948-ல் ப்ரூமில் பிறந்தவர். அது வடமேற்கு ஓரத்தில், முத்துச் சிப்பி எடுக்கிற ஊர். வெள்ளையர் தவிர மற்றவர்கள் உள்ளே வராதே என்று 1901-ல் சட்டம் போட்ட நாடு, சிப்பிக்கு மூழ்க ஆள் வேண்டுமே என்று ப்ரூமுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டது. (காசு என்றால் கொள்கை கொஞ்சம் தள்ளி நிற்கும். எல்லா ஊரிலும்தான்.) ஜப்பான், சீனா, மலாய், பிலிப்பைன்ஸ் என்று எல்லாரும் வந்து கலந்தார்கள். ஜிம்மியின் ரத்தத்திலேயே சீனம், ஜப்பான், ஸ்காட்லாந்து, பூர்வகுடி எல்லாம் உண்டு.

பெர்த்துக்கு இன்ஜினீயரிங் படிக்கப் போனார். முடிக்கவில்லை. மனசு உடைந்து ஊர் திரும்பினார். இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டுட்டு வந்த பையனை நம்ம தெரு என்ன பேசும், உங்களுக்குத் தெரியாதா? ஜிம்மிக்குக் கூடவே மனநோய் வேறு. ஆயுசு முழுக்க விடவில்லை. அதற்கு நடுவில்தான் கிடார்.

'கக்கிள்ஸ்' என்று நண்பர்களோடு ஒரு பாண்ட். கடற்கரையில் பொறுக்குகிற மட்டியின் பெயர் அது. வருஷக்கணக்கில் பாட்டுகள் சேர்ந்தன. உதிரிப்பூ நிறைய, நார் இல்லை. கதை என்கிற நாரைப் போட்டுக் கட்டி, இயக்குநர் ஆண்ட்ரூ ராஸ் கையில் மேடையேறியது.

கதை? பையன் வில்லி ஹாஸ்டலை விட்டு ஓடுகிறான். டாட்போல் மாமா சேர்ந்துகொள்கிறார். டாட்போல் என்றால் தலைப்பிரட்டை! மாமா சரியான குடி. ரெண்டு ஹிப்பிகளின் வேனில் அடிபட்டது போல் பாசாங்கு பண்ணி, ஓசியில் லிஃப்ட் வாங்குகிறார். பெர்த்திலிருந்து ப்ரூம் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியில் ரோபர்ன் லாக்கப்பில் ஒரு ராத்திரி.

இங்கே சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும். 1983-ல் ஜான் பாட் என்ற பதினாறு வயதுப் பூர்வகுடிப் பையன் செத்துப்போனது அதே ரோபர்ன் லாக்கப்பில்தான். காவலில் நடந்த இதுபோன்ற சாவுகளை விசாரிக்க 1987-ல் ராயல் கமிஷன் போட்டார்கள். நாடகம் மேடையேறும்போதும் கமிஷன் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

கிளைமாக்ஸில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்! தலைப்பிரட்டை மாமாதான் வில்லியின் அப்பா. ஜெர்மன்காரன் என்று நம்பிக்கொண்டிருந்த ஹிப்பி, உறுமிய பாதிரியாரின் பிள்ளை. அம்மா வில்லியின் அம்மாவேதான். நம்ம பழைய படத்தில் குடும்பப் பாட்டுப் பாடிச் சேருவார்களே, அப்படி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நம்ம படத்தில் பிள்ளைகளைப் பிரிக்கத் திருவிழாக் கூட்டம் போதும். அங்கே பிரித்தது சர்க்கார். பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து தூக்கிப்போய் மிஷன்களில் வளர்த்தார்கள். ஆளை ஆள் தேடுவது அவர்களுக்கு சினிமா கிளைமாக்ஸ் இல்லை.

1993-ல் நாடகம் ஊர் ஊராகப் போனது. 1996-ல் ஜிம்மி அடுத்ததை எழுதினார், 'காரகேஷன் ரோடு'. இந்தத் தடவை நோண்டியது தன் மனநோயையே. அதிலும் காமெடி! எனக்கெல்லாம் ஜலதோஷம் வந்தாலே ஜோக் வராது சார்.

2009-ல் ரேச்சல் பெர்கின்ஸ் முதல் நாடகத்தை சினிமாவாக எடுத்தார். 2017-ல் ஜிம்மி போய்விட்டார். 2020-ல் நாடகம் மறுபடி மேடையேறியது.

"மியூசிக்கலா? ஆளை விடுங்க" என்று ஓடிய பக்கத்து சீட் நண்பரிடம் அந்தப் படத்தின் டிவிடியைத் திணித்தேன். ஒரு மாசமாச்சு. டிவிடி திரும்பி வரவில்லை. லெட்ஜருக்குப் பின்னாலிருந்து விசில் மட்டும் வருகிறது. அந்த சாக்லேட் பாட்டுதான்.