கம்பியில்லா இணைப்பில் கோப்புகள் தாமதிப்பது ஏன்?

2017 மார்ச்சில் ஏ.சி.டி. ஃபைபர்நெட் நிறுவனம், நொடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள கண்ணாடியிழை இணைப்பை ஹைதராபாத் நகர இல்லங்களுக்கு அறிமுகப்படுத்தியது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அந்நகர ஊழியர்களின் அலுவலகமும் மாணவர்களின் வகுப்பறையும் வீட்டிற்குள் வந்து சேர்ந்தன. ஆயினும், வாசல்வரை விரைந்து வரும் தரவு, கூடத்திலிருந்து அடுத்த அறைக்குச் செல்லத் தடுமாறுவது உண்டு. காரணத்தை அறிந்தால், பெரும்பாலும் செலவின்றியே இக்குறையைக் களையலாம்.

முதலில் அளவைகளைப் பற்றிய தெளிவு தேவை. இணைப்பின் வேகம் பிட் கணக்கிலும், கோப்பின் அளவு பைட் கணக்கிலும் கூறப்படுகின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே, 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்ல இயலாது. 1 கிகாபைட் கோப்புக்குக் குறைந்தது 80 நொடிகள் ஆகும். வேகம் 20 மெகாபிட்டாகக் குறைந்தால் 400 நொடிகள் ஆகும்.

தாமதத்தின் காரணங்கள்

2005 ஜனவரியில் மத்திய அரசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுடைய கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என அறிவித்தது. வைஃபை பரவ இது வழிவகுத்தது. ஆனால் புளூடூத் கருவிகளும் இதே வரிசையில் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இங்கு இடையூறு விளைவிக்கிறது. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. குக்கட்பள்ளி, கச்சிபௌலி போன்ற பகுதிகளின் அடுக்குமாடிகளில் அண்டை வீட்டார் அனைவரும் இவற்றையே பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. ஒரு கருவி பேசும்போது அதே தடத்திலுள்ள மற்றவை காத்திருக்கின்றன.

இரு கணினிகளும் கம்பியில்லா முறையில் இணைந்திருப்பின், ஒவ்வொரு தரவுப் பொதியும் ரூட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து மறுமுறை என இருமுறை காற்றில் பயணம் செய்கிறது. இதனால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. கம்பி வேய்ந்த கான்கிரீட் சுவர், இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியனவும் அலைகளை வலுவிழக்கச் செய்கின்றன.

ஆய்வு முறை

முதற்கண் இரு கணினிகளையும் கம்பி வழியே ரூட்டருடன் இணைத்து, அதே கோப்பை அனுப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் வேகம் குறைவாயின், பழைய வட்டு, பழுதான கம்பி, 100 மெகாபிட் துறை ஆகியவற்றை ஐயுறலாம். வேகம் கூடினால் குறை காற்றுவழியிலேயே உள்ளது. அந்நிலையில் ரூட்டரை வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வைத்தல், நெரிசலற்ற தடத்திற்கு மாற்றுதல், அருகிலுள்ள கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இணைத்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து அளக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் சுவர்களை ஊடுருவும் ஆற்றல் குறைந்தது. இடம் மாறாத கணினியைக் கம்பியிலேயே நிறுத்துவது நிலையான தீர்வாகும்.

2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற திட்டம், கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழையைக் கொண்டு செல்லும் நோக்கமுடையது. அந்த இழை முடியும் இடத்திலிருந்து மேசைவரையுள்ள சில மீட்டர் தூரத்தையும் செம்மையாக அமைத்தால்தான், அதற்கான செலவின் முழுப்பயன் மக்களைச் சென்றடையும்.